காற்று கற்றுக்கொடுத்த ஆங்கிலம்

டிஸ்னியின் ‘போகஹான்டஸ்’ (1995) படத்தை மாணவனாக லண்டன் வந்த புதிதில் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது. அதே நிறுவனத்தின் ‘பீட்டர் பேன்’ (1953) அமெரிக்கப் பழங்குடியினரைச் செக்கச்சிவந்த தோலும் கொச்சை ஆங்கிலமுமாகக் கோமாளிகளாக்கியிருந்தது. அந்த இழிவு யாருக்கும் புரியும். 2020இல் டிஸ்னியே படத்தின் முன்னால் எச்சரிக்கை வாசகம் போட்டது. ‘போகஹான்டஸ்’ அப்படியல்ல, மரியாதையான படம் என்றே நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் மகளோடு மறுபடி பார்த்தேன். காட்டில் ஜான் ஸ்மித்தும் போகஹான்டஸும் முதன்முறை சந்திக்கிறார்கள். அவன் பேசுவது அவளுக்கு விளங்கவில்லை. காற்று வீசுகிறது, இலைகள் சுழல்கின்றன, அவள் மனத்தால் கேட்கிறாள். அடுத்த நிமிடம் சரளமாக ஆங்கிலம்! “எப்படிப்பா?” என்றாள் மகள். பழங்குடியினர் தமக்குள் ஆங்கிலத்தில் பேசுவது சினிமா வழக்கம், அதை விட்டுவிடலாம். இந்தக் காட்சியோ மொழிகள் வேறு என்று தானே ஒப்புக்கொண்டு, கடக்கும் வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டுகிறது. அவன் கற்பது வணக்கத்துக்கு ஒரு சொல், விடைபெற ஒரு சொல். காற்றே அவளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்குமென்றால் அவனுக்கு ஏன் அவள் மொழியைக் கற்றுக்கொடுக்கவில்லை? (நம்மில் யாருக்கும் இலை பறந்து ஆங்கிலம் வந்ததில்லை என்பது வேறு.)

போருக்குமுன் வரும் பாட்டில் இரு கூட்டமும் ஒரே மெட்டில், ஒரே சொல்லால், ஒருவரையொருவர் காட்டுமிராண்டி என்கின்றன. வெறுப்பு இரு பக்கமும் சமமாம். ஒரு கூட்டம் கப்பலேறி அடுத்தவர் நிலத்துக்கு வந்தது என்பது அந்த மெட்டில் கரைந்துபோகிறது. ‘இரு தரப்பிலும் பிழை’ என்ற பேச்சின் சௌகரியம் யாருக்கு என்பதை ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘பீட்டர் பேன்’ கேலியைவிட இந்தச் சமன்பாடுதான் என்னை உறுத்துகிறது. கேலியைக் குழந்தைக்குச் சுட்டிக்காட்டிவிடலாம். இது நியாயம்போலவே இருக்கிறது.

எடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. 1973இல் வூண்டட் நீ முற்றுகையில் முன்னின்ற ரஸல் மீன்ஸ்தான் அவள் தந்தைக்குக் குரல் கொடுத்தார், படத்தைப் பாராட்டவும் செய்தார். ஆனாலும் கடைசியில் பேராசைக்கார ஆளுநரை விலங்கிட்டுக் கப்பலேற்றுவதோடு கதை முடிகிறது, ஓர் ஆள்தான் கெட்டவன் என்பதுபோல.

1607இல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது அவளுக்கு வயது பதினொன்று இருக்கலாம். 1613இல் அவர்கள் அவளைச் சிறைபிடித்தார்கள். ரெபெக்கா என்று பெயர் வைத்தார்கள். 1614இல் புகையிலைத் தோட்டக்காரர் ஜான் ரோல்ஃபுடன் திருமணம். 1616இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். ஊர் திரும்பும் வழியில், 1617இல், கிரேவ்செண்டில் இறந்தாள். அவள் மொழியில் எஞ்சியதில் பெரும்பகுதி ஸ்மித்தும் வில்லியம் ஸ்ட்ரேச்சியும் எழுதிவைத்த சொற்பட்டியல்கள்தான்.

கிரேவ்செண்ட் லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. தேவாலய வளாகத்தில் அவளுக்குச் சிலை உண்டு. பழைய தேவாலயம் 1727இல் எரிந்துவிட்டதால் கல்லறை இருந்த இடம் தெரியாது. விடுமுறையில் மகளைக் கூட்டிப்போக வேண்டும்.