பழைய வேர் சிகிச்சையும் பல்லின் எதிர்காலமும்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்து, மேலே உறையும் போட்டு, அப்படியொரு பல் வாயில் இருப்பதையே மறந்துபோன ஒருவருக்கு, ஒருநாள் அந்த இடத்தில் மென்று தின்னும்போது மந்தமான நோவு தோன்றுமானால், அல்லது ஈற்றில் சிறு கொப்புளம் எழுந்து சீழ் கசிந்து தானே அடங்கி மறுபடியும் எழுமானால், அவர் கேட்கும் முதற் கேள்வி, நரம்பை எடுத்துவிட்ட பல் எப்படி வலிக்கும் என்பதே. நியாயமான கேள்விதான். பல்லின் உட்கூழ் போய்விட்டாலும், வேரை எலும்போடு பிணைக்கும் நார்கள் உயிருள்ளவை; வேர்நுனி வழியே கிருமிகளின் விஷம் கசியும்போது அவையே அழற்சியுற்று நோகின்றன. சில வேளை நோவே இராது. வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரே படத்தில் நுனியைச் சுற்றி ஒரு கருநிழல் மட்டும் தெரியும்.

இத்தகைய பல்லுக்கு மறுபடியும் வேர் சிகிச்சை செய்வதா, நுனியை அறுத்தெடுப்பதா, பிடுங்கிவிடுவதா என்று மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. அவற்றை எடைபோடுமுன், முதற் சிகிச்சை எதனால் தோற்றது என்பதைக் கண்டறிய வேண்டும். அதைக் காணாமலே முடிவு செய்துவிடுவதுதான் இன்றைய நடைமுறையின் பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் மூவர் செய்த எலிப் பரிசோதனை இவ்விஷயத்தில் ஐயத்தைத் தீர்த்தது. கிருமியே அற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோது, அது அழியாமல் தன்மேல் புதுச் சுவர் எழுப்பிக்கொண்டது. சாதாரண எலிகளிலோ கூழ் செத்து, வேர்நுனியில் சீழ் கட்டியது. ஆகவே, பழைய வேர் சிகிச்சை தோற்றது என்றால், பெரும்பாலும் கிருமிகள் உள்ளேயே தங்கிவிட்டன, அல்லது பின்னர் நுழைந்துவிட்டன என்றே பொருள். தங்குவதற்கு இடம் உண்டு. ஏனெனில் வேர்க்குழாய் நேரான குழலன்று, கிளைகளும் இடுக்குகளும் உடையது. மேல்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர்களே இருப்பினும், பல சமயம் நான்காவது குழாயொன்று முன்வேருக்குள் ஒளிந்திருக்கிறது. அது கண்ணில் படாமற் போனால் மற்ற மூன்றையும் எத்துணை செவ்வையாக நிரப்பியும் பயனில்லை. நுழைவதற்கும் வழி உண்டு. தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விட்டுவைத்த பல்லும், உறையின் விளிம்பில் சொத்தை விழுந்த பல்லும் எச்சிலை உள்ளே விடுகின்றன. மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் அடைப்புப் பொருள், அந்த எச்சிலை நெடுங்காலம் தடுத்து நிறுத்த வல்லதன்று.

குழாய் தப்பியிருந்தாலோ உறை கசிந்திருந்தாலோ மறு வேர் சிகிச்சையே முதலில் எண்ணத்தக்கது; ஏனெனில், பழைய அடைப்பைக் கரைத்தும் சுரண்டியும் எடுத்து, நுண்ணோக்கியால் தேடி, மருந்து நீரால் கழுவி, புதிதாக நிரப்பும் அம்முறை, நோயின் மூலத்துக்கே செல்கிறது. முக்கால் பங்குப் பற்களுக்குக் குறையாமல் குணம் தருவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆயினும் ஒவ்வொரு முறையும் பல்லின் சுவர் மெலிகிறது. குழாயில் உலோகத் தண்டு இறக்கியிருந்தால், அதைக் கழற்றும்போதே வேர் விண்டுவிடக்கூடும். முதற் சிகிச்சை செம்மையாகவே அமைந்திருந்தால், அதையே திரும்பச் செய்வதில் கிட்டும் லாபமும் சிறிது.

அந்நிலையில்தான் நுனியறுவை பொருந்தும். ஈற்றைத் திறந்து, வேரின் கடைசி 3 மில்லிமீட்டரை அறுத்து, வெட்டுவாயை அடைக்கிறார்கள். 2010இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பழைய முறையில் நூற்றுக்கு 59 என்றிருந்த வெற்றி, நுண்ணோக்கியும் புதிய அடைப்புப் பொருள்களும் கொண்டு செய்கையில் 94 ஆனதாகக் கணக்கிட்டது. ஆனால் இம்முறை உள்ளிருக்கும் கிருமிகளை அழிப்பதில்லை, சிறைப்படுத்துகிறது. மேலே உறை கசியும் பல்லில் இதைச் செய்வது வீண்.

பல்லைப் பிடுங்கும் அவசரத்துக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1910இல் மாண்ட்ரியாலில் வில்லியம் ஹன்டர் என்னும் மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவும், பின்னர் வெஸ்டன் பிரைஸ் என்பவரின் ஆராய்ச்சிகளும், மூட்டுவாதம் முதலிய தொலைதூர நோய்களுக்கும் பல்லே காரணம் என்ற நம்பிக்கையைப் பரப்ப, காப்பாற்றியிருக்கக்கூடிய எண்ணற்ற பற்கள் பறிபோயின. இன்று அந்த நம்பிக்கையின் இடத்தில், பிடுங்கிய பல்லுக்கு ஈடாக வைக்கும் இம்பிளான்ட் நிற்கிறது. அது சொத்தையாகாது என்பது மெய். அதைச் சுற்றிய ஈறும் எலும்பும் அழற்சியுறும் என்பதும் மெய். கடியின் அழுத்தத்தை உணர்ந்து சொல்லும் இயற்கை நார்கள் ஒருமுறை போனால் திரும்புவதில்லை. வேர் நெடுக்கில் விண்ட பல்லுக்கு மட்டும் வேறு கதியில்லை. பல்லின் ஒரு பக்கத்தில் மாத்திரம் ஈற்றருகே ஆழமான குறுகிய பள்ளம் தட்டுப்பட்டால் அந்த விரிசலைச் சந்தேகிக்கலாம். அங்கே தாமதிப்பது எலும்பையும் இழப்பதாகும்.

கிருமிக்கொல்லி மாத்திரைகளை அடிக்கடி விழுங்கிக் காலம் கடத்துவோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிகுகிறது. இரத்த ஓட்டம் அற்ற குழாய்க்குள் மருந்து எப்படிச் சேரும்? முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியதுதான். நோவும் வீக்கமும் அற்ற கருநிழல் மட்டும் இருக்குமாயின், சிகிச்சைக்குப் பின் எலும்பு நிறைவதற்கு நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதை நினைவில் வைத்து, அந்நாளில் எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்துச் சென்று, புதிய படத்தின் அருகே வைத்து, அந்த நிழல் வளர்கிறதா சுருங்குகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லலாம்.