வெற்றி என்னும் தூண்டில்

திருக்குறளின் 94-ஆம் அதிகாரமாகிய ‘சூது’, பழவேற்காட்டு ஏரிக்கரை மக்களுக்கு உரையின்றியே விளங்கும். அதன் முதற் குறளிலேயே வள்ளுவர் ஒரு மீனைக் காட்டுகின்றார். சூதில் கிட்டும் வெற்றி, மீன் தூண்டில் முள்ளை இரையென விழுங்கியதற்கு ஒப்பாகும் என்கின்றார். சூதாடியின் வீழ்ச்சி தோல்வியில் தொடங்குகின்றது என்பது உலகின் எண்ணம். அது வெற்றியிலேயே தொடங்கிவிடுகின்றது என்பது வள்ளுவர் கண்ட உண்மை.

இறுதிக் குறள் இன்னும் ஆழமானது. பொருளை இழக்குந்தோறும் சூதின்மீது ஆசை பெருகுகின்றது. துன்புறுந்தோறும் உயிர் உடலைக் காதலிப்பதற்கு அதனையே உவமையாக்குகின்றார். விட்டதைப் பிடிக்கும் வெறியைத் தீயோரின் தனிக்குணமாக அவர் ஒதுக்கவில்லை. மனித இயல்பின் ஆழத்தில் வைத்துக் காண்கின்றார். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் சூதாட்டக் கோளாறை அடிமைப் பழக்கங்களோடு சேர்த்துள்ளது.

இக்குறள்களை உரைகல்லாகக் கொண்டு நம் காலத்து வாசகங்கள் இரண்டை உரைத்துப் பார்ப்போம். 1968-இல் தமிழக அரசின் பரிசுச்சீட்டு பிறந்தபோது, ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்றனர். ஓசை இனிது. ஆயினும் சீட்டு வாங்கிய பணம் எந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தது என்ற கேள்வி அதில் இல்லை. 2003-இல் அரசே பரிசுச்சீட்டைத் தடைசெய்தது.

மற்றொன்று, இணைய ரம்மி விளம்பரங்களின் இறுதியில் விரைந்தோடிய ‘பொறுப்போடு விளையாடுங்கள்’ என்பது. தூண்டிலை வீசியவனே மீனுக்கு உபதேசம் செய்த கதை இது. 2022-இல் தமிழகச் சட்டமன்றமும், 2025-இல் நாடாளுமன்றமும் இதற்கெதிராகச் சட்டம் இயற்றின.

அப்படியானால் பொறுப்பு என்னும் சொல் வெறும் ஓசைதானா? அன்று. வாய்ப்பு விளையாட்டுகள் தம்மளவில் நீதிக்கு முரணல்ல என்றே 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. தனக்கும் பிறர்க்கும் இன்றியமையாததை அவை பறிக்கும்போது தவறாகின்றன. அவ்வேட்கை மனிதனை அடிமையாக்கக்கூடும் என்றும் அது எச்சரிக்கின்றது. எனவே இன்னும் தன்வசம் இருப்பவனுக்குப் பொறுப்பு என்பது, கடன் வாங்கி ஆடாமை, வீட்டுச் செலவில் கைவையாமை, இழந்ததை மீட்க மீண்டும் அமராமை. முள்ளை விழுங்கிவிட்டவனுக்கோ அளவோடு ஆடு என்பது மருந்தாகாது. முற்றிலும் விடுதலே அவனுக்கு வழி. அதுவும் தனித்து இயலாது.

சூதை அடுத்து நிற்கும் அதிகாரம் ‘மருந்து’. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியோரோடு அருகிருந்து துணைசெய்பவரையும் மருத்துவத்தின் கூறாக அதன் இறுதிக் குறள் எண்ணுகின்றது. கடனை மறைக்காமல் சொல்லக் கேட்கும் மனைவி, பணப் பொறுப்பைச் சிலகாலம் ஏற்கும் அண்ணன், மனநல மருத்துவரிடம் உடன்செல்லும் நண்பன் ஆகியோரே அத்துணைவர். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-ஐ அழைத்துக் கொடுப்பதும் அத்துணையே.

நம் ஏரியில் ‘பாடு’ என்றொரு மரபு உண்டு. மீன்படும் இடங்களை ஒருவரே கைக்கொள்ளாது, உரிமையுடையோர் முறைவைத்துப் பகிரும் ஏற்பாடு அது. நாளைய மீன்பாடு எவர்க்கும் உறுதியில்லை என்பதாலேயே முன்னோர் அதைத் தனியொருவனின் அதிர்ஷ்டத்திற்கு விடவில்லை. நீரில் முறைவைத்து நிற்கத் தெரிந்த நாம், தூண்டிலில் சிக்கிய சகோதரன் அருகிலும் முறைவைத்து நிற்கலாகாதா?