அச்சமும் மருட்கையும்: திரையிசையிலும் மெல்லிசையிலும் புதுச் செவ்விசை

மேனாட்டுச் செவ்விசை இருபதாம் நூற்றாண்டில் மெட்டையும் தாளக்கட்டையும் நெகிழ்த்துப் புதுநெறி ஒன்று கண்டது. அந்நெறியைத் திரைப்படங்களின் வாயிலாகவே அறிந்தோர் பலர். அவருட் சிலர், அஃது அச்சத்திற்கே உரிய இசை என்பர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அங்கேரிய இசைப்புலவர் லிகெட்டி 1961-இல் 'அட்மாஸ்ஃபியர்' என்னும் படைப்பை இயற்றினார். நெருங்கிய சுரங்கள் பல அதில் ஒருங்கே ஒலிக்கின்றன. மெட்டும் தாளமும் மறைந்து, மெல்ல உருமாறும் ஒலித்திரள் ஒன்றே எஞ்சுகின்றது. 1968-இல் இயக்குநர் கியூப்ரிக், அலெக்ஸ் நார்த் அமைத்த பின்னணி இசையை விடுத்து, '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் இதனையும் லிகெட்டியின் வேறு படைப்புகளையும் எடுத்தாண்டார். அங்கு நாம் உணர்வது மருட்கை. அம்மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் புதுமையும் பெருமையும் ஈண்டு ஒருங்கே அமைகின்றன.

அவரே 1980-இல் 'தி ஷைனிங்' படத்தில் போலந்து நாட்டுப் பெண்டெரெட்ஸ்கியின் படைப்புகளைக் கையாண்டபோது விளைந்ததோ அச்சம். அவற்றுள் ஒன்றாகிய 'போலிமார்ஃபியா' (1961), 1973-இல் வெளிவந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்திலும் இடம்பெற்றது. நாற்பத்தெட்டு நரம்புக் கருவிகளுக்கென அமைந்த அப்படைப்பு, தெளிந்த சி மேஜர் ஒத்திசையில் முடிவது. அம்முடிவை அறியாது இடைப்பகுதி மட்டும் கேட்பவர் இறுக்கத்தை அறிவர். அதன் தீர்வை அறியார்.

ஒலிக்கே அச்சம் இயல்பன்றோ எனின், முழுதும் அன்று. அடுத்து வருவதை முன்னுணரத் தாளம் துணைசெய்யாமையால் மனம் நிலைகொள்ளாது தவிக்கும் என்பது உண்மையே. ஆயினும் அத்தவிப்பு அச்சத்திற்கும் மருட்கைக்கும் பொதுவானது. பெண்டெரெட்ஸ்கி ஐம்பத்திரண்டு நரம்புக் கருவிகளுக்கு இயற்றிய படைப்பொன்று, முதலில் தன் கால அளவாகிய 8 நிமிடம் 37 நொடியையே பெயராகக் கொண்டிருந்தது. பின்னரே இரோசிமாவில் மாண்டோர்க்கான இரங்கலாயிற்று. பெயர் மாறவே அவ்வொலி அழுகைக்கு உரியதாயிற்று. ஆதலின் மெய்ப்பாட்டை ஒலி மட்டும் வரையறுப்பதில்லை. இடமும் பெயரும் உடன்நின்று வரையறுக்கின்றன.

மெல்லிசையார் சென்ற வழி வேறு. பீட்டில்ஸ் குழுவினர் 1966-இல் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலில் ஒலிநாடாச் சுழல்களைப் பயன்படுத்தினர்; செருமானிய இசைப்புலவர் ஸ்டாக்ஹவுசனின் உருவத்தை 1967-இல் தம் இசைத்தட்டின் உறையிலும் பொறித்தனர். அத்தட்டின் இறுதிப் பாடலில் நாற்பது இசைஞர், இருபத்துநான்கு தாளவட்ட அளவில், தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்குத் தத்தம் போக்கில் ஏறுகின்றனர். இருவேறு பாடற்பகுதிகளை இணைக்கும் பாலம் அது. எனவே அங்கு அது பாடலின் உறுப்பாகவே நிற்கின்றது.

திகிற்படங்கள் புதுச் செவ்விசையின் ஒலியைக் கொண்டு, அதன் பொருளைச் சுருக்கின. மெல்லிசை அதன் முறையைக் கொண்டு, தன் வடிவை விரித்தது என்பது நமது துணிபு. கடன் கொள்ளுதல் குற்றமன்று. ஒரே பொருளுக்குப் பன்முறை ஆண்டு செவியைப் பழக்கிவிடுதலே குறை. ஆதலின் இவ்விசையைக் கற்பிப்போர், காட்சியின்றி, முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறையேனும் கேட்பித்தல் வேண்டும்.