‘லங்கர்’: ஓர் இந்திக் கடற்சொல்லின் ஆங்கிலப் பெயர்ப்பும் பொருட்பிளவும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தி மொழியில் ‘லங்கர்’ என்னும் சொல் கப்பலை நிறுத்தும் கருவியையும் சீக்கியர்தம் பொது உணவுக்கூடத்தையும் குறிக்கும். ஆங்கிலம் முதற்பொருளை மொழிபெயர்த்தும் இரண்டாம் பொருளைக் கடன்சொல்லாகவும் ஏற்றுள்ளது. இதனால் நேரும் பொருட்பிளவையும், ஆங்கிலவழித் தமிழாக்கத்தில் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: லங்கர், நங்கூரம், கடன்சொல், கலைச்சொல், ஆங்கிலவழி மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தொழில்சார் கலைச்சொற்களை மொழிபெயர்ப்பது எளிது என்னும் கருத்து பரவலாக உள்ளது. பொருள் கண்முன் இருப்பதால் ஒரு மொழியின் பெயருக்கு மற்றொரு மொழியின் பெயரை இட்டுவிடலாம் என்பது இதன் அடிப்படை. இக்கருத்து கருவிக்குப் பொருந்தலாம். கருவியின் பெயர் வழக்கில் ஈட்டிய பிற பொருள்களுக்குப் பொருந்துவதில்லை. ‘லங்கர்’ இதற்குத் தக்க சான்றாகும்.

சொல்லின் பொருட்பரப்பு

‘லங்கர்’ பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்த சொல். காசி நாகரி பிரசாரிணி சபை வெளியிட்ட ‘ஹிந்தி சப்தசாகர்’ இச்சொல்லுக்கு நங்கூரம் என்பதோடு, அடங்காத மாட்டின் கழுத்தில் கட்டும் கட்டை, கயிற்றில் தொங்கும் பாரம், கனத்த இரும்புச் சங்கிலி, எளியோர்க்கு வழங்கும் உணவு முதலிய பொருள்களையும் தருகிறது. உணவு நீங்கலான பொருள்கள் ‘இயக்கத்தைத் தடுக்கும் அல்லது தொங்கும் பாரம்’ என்னும் கருத்தைச் சுற்றி அமைகின்றன. இச்சொல்லின் ஆங்கில நிகரான ‘ஆங்கர்’, கிரேக்கத்தில் வளைவைக் குறிக்கும் வேரோடு தொடர்புடையது. ஆங்கிலப் பெயர் கருவியின் வடிவிலிருந்து பிறந்தது. இந்திச் சொல்லின் பொருள்களோ அதன் கனத்தையும் செயலையும் சார்ந்துள்ளன. நிகர்ச்சொல் கருவியைச் சரியாகச் சுட்டினும் இப்பரப்பைச் சுட்டுவதில்லை.

உணவுப்பொருள் எவ்வாறு தோன்றியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சூஃபி மடங்களில் உணவளிக்கும் இடமும் லங்கர் எனப்பட்டது. பயணம் நின்று தங்கும் இடம் என்னும் கருத்து இரு பொருள்களையும் இணைத்திருக்கலாம். வடமொழியின் ‘அனலகிருகம்’ என்பதிலிருந்து வந்ததாகக் கொள்வாரும் உளர். வேர் இரண்டாயினும் ஒன்றாயினும், இந்தி பேசுவோர் செவியில் ஒலி ஒன்றே.

ஆங்கில அகராதிகளின் நோக்கு

தாமஸ் ரோபக் தொகுத்த ஆங்கில–இந்துஸ்தானிக் கப்பற்கலை அகராதி 1811இல் கல்கத்தாவில் வெளிவந்தது. ஜார்ஜ் ஸ்மால் அதனைத் திருத்தி 1882இல் ‘லஸ்கரி அகராதி’யாக இலண்டனில் வெளியிட்டார். கப்பலில் பணிபுரிந்த லஸ்கர்களுக்கு ஆங்கில அதிகாரிகள் கட்டளையிட உதவுவதே இவ்வகராதியின் பயன். அந்நோக்கிற்கு லங்கரின் கடற்பொருள் ஒன்றே போதுமானது. பிற்காலத்தில் சீக்கியர் புலம்பெயர்ந்த நாடுகளில் குருத்வாராக்கள் வழியாக உணவுக்கூடப் பொருள் ஆங்கிலத்தில் ‘லங்கர்’ என்றே நிலைபெற்றது. முற்பொருள் கட்டளை வழியாகவும் பிற்பொருள் சமய வாழ்வு வழியாகவும் ஆங்கிலத்தை அடைந்தன. ஆதலின் ஆங்கில வாசகர்க்கு இவ்விரண்டும் தொடர்பற்ற சொற்கள்.

வினையும் பொருளும்

இந்தியில் பெரும்பாலும் வினைச்சொல்லே பொருளைத் தெளிவாக்குகிறது. ‘லங்கர் டால்னா’ நங்கூரம் இடுதல். ‘லங்கர் உட்டானா’ நங்கூரம் தூக்குதல். ‘லங்கர் லகானா’ உணவுக்கூடம் அமைத்தல். ‘லங்கர் சக்னா’ அங்கு உண்ணுதல். ‘லங்கர் உட்டானா’ என்பதை ஆங்கிலத்தில் ‘வே ஆங்கர்’ என்பர். ‘வே’ என்பது இன்று எடையிடுதலைக் குறித்தாலும் இத்தொடரில் தூக்குதல் என்னும் பழம்பொருளைக் காத்துள்ளது. ‘செட் செயில்’ எனப் பெயர்ப்போர் பாய் விரித்தலைக் கொண்டு வருகின்றனர். கப்பல் புறப்பட்டது என்னும் செய்தி மாறவில்லை. கனத்தை விடுவித்தல் என்னும் படிமம் மறைகிறது.

துணைவினை இல்லாதவிடத்துச் சிக்கல் மிகும். ‘நெடுநாள் அலைந்தவனுக்கு லங்கர் கிடைத்தது’ என்னும் பொருள்பட ஓர் இந்தித் தொடரை அமைத்துக்கொண்டால், நிலைபேறும் உணவும் ஒருங்கே உணர்த்தப்படும். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

தமிழின் நிலை

தமிழின் ‘நங்கூரம்’ பாரசீக ‘லங்கர்’ என்பதன் வழிவந்ததாகக் கருதப்படுகிறது. தமிழ் மரபில் மொழிமுதலாகாத லகரம் நகரமாயிற்று. தமிழ் கடல்வழிப் பொருளை ஏற்றது. ஆங்கிலம் உணவுக்கூடப் பொருளை ஏற்றது. இரு மொழிகளும் ஒரே சொல்லின் வெவ்வேறு பாதியைக் கடன்பெற்றுள்ளன.

ஆங்கிலவழியாக இந்திப் படைப்பைத் தமிழாக்குவோர் இவ்வுறவை அறிய வாய்ப்பில்லை. ‘ஆங்கர்’ நங்கூரமாகிறது, ‘லங்கர்’ பெரும்பாலும் அன்னதானமாகிறது. ‘தானம்’ கொடுப்போர், பெறுவோர் என்னும் வேறுபாட்டைக் கொண்டது. லங்கரிலோ அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது நெறி. சமைப்போரும் பரிமாறுவோரும் அவ்வரிசையில் அமர்வர். எனவே அன்னதானம் என்னும் பெயர்ப்பு அந்நெறியின் சமத்துவக் கருத்தையே தளர்த்திவிடுகிறது.

முடிவுரை

ஆங்கில மொழிபெயர்ப்பாளர் செய்த தேர்வு ஆங்கிலத்தின் தேவையால் நேர்ந்தது. அத்தேர்வைத் தமிழும் சுமக்க வேண்டியதில்லை. கடற்பொருளுக்கு நங்கூரத்தையும் உணவுக்கூடத்திற்கு லங்கரையும் ஆள்வது தகும். இருபொருளும் ஒலிக்கும் இடங்களில் மூலத்தை நேரில் நோக்கி, முதல் ஆட்சியிலேயே இவ்விரு சொற்களின் உறவை வாசகர்க்கு உணர்த்தலாம். இந்தி–தமிழ் அகராதிகளும் ‘லங்கர்’ பதிவில் நங்கூரத்தைப் பொருளாக மட்டுமன்றி உறவுச்சொல்லாகவும் சுட்டுவது மொழிபெயர்ப்பாளர்க்குத் துணையாகும்.