கூண்டில் நிற்பவருக்கு யார் வாய்?

வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015) படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் லத்தியடியைத்தான் எழுதினார்கள். எனக்கு அதன் கோர்ட் காட்சிதான் முக்கியமாகப் படுகிறது. மு. சந்திரகுமார் 1983இல் குண்டூர் லாக்கப்பில் பட்ட பாட்டை எழுதிய ‘லாக்கப்’தான் படத்துக்கு மூலம். செய்யாத திருட்டுக்கு அடிபட்ட தமிழ்க் கூலிகள் நீதிபதி முன்னால் நிற்கிறார்கள். தெலுங்கு தெரியாது, வக்கீலும் கிடையாது. வேறு சோலியாக வந்த தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் அவர்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல, விடுதலை. பிற்பாதியில் அவர்களைச் சுட்டுக் கொல்வதும் போலீஸ்தான். வாயைக் கடன் கொடுத்த துறையே உயிரை வட்டியாக வாங்கிக்கொள்கிறது. ‘ஜெய் பீம்’ (2021) அப்படியில்லை. வக்கீல் வந்துவிடுகிறார், நாமும் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போகிறோம். வராத ஊர்களின் கதை?

எங்கள் மாவட்டத்துப் புதுப்பட்டிக்காரர் பாமா. ‘கருக்கு’வில் (1992) சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் தெருவுக்குள் பூந்துவிட, ஒளிந்திருந்த தகப்பன் செத்துப்போன மகன் முகத்தைப் பார்க்கச் சேலை கட்டிக்கொண்டு வருவார். அந்தப் பக்கத்தைப் பேசாத தலித் கூட்டம் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை வாய்தா, எத்தனை நாள் கூலி போச்சு என்று நம்மில் எந்த விமர்சகன் கேட்டான்?

சிவகாசி, சாத்தூர் பக்கம் வீட்டில் கருந்திரி வைத்திருந்ததாகக் கேஸ் விழாத மாசம் குறைவு. வெடி ஆலை முதலாளிக்கு முன்ஜாமீன் போட ஆள் இருக்கு. திரி திரித்துக் கொடுத்த கூலிக்காரருக்கு கோர்ட்டு வாசல்ல கிடைப்பது புத்திமதிதான்: “ஒத்துக்கோய்யா, ஃபைனக் கட்டிட்டுப் போயிரலாம்.” அவரும் “ஆமாங்கய்யா” என்பார். ஒரு சொல்லில் ஆயுசுக்கும் குற்றவாளி.

1987 சட்டப் பணிகள் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இது நம்ம படிச்ச பிள்ளைகளுக்கே தெரியாது. அருணாச்சலத்து சுக் தாஸ் வழக்கில், 1986இல், உச்சநீதிமன்றம் தண்டனையையே ரத்துசெய்தது. ஏழைக்கு இலவச வக்கீல் உண்டு என்று சொல்லாமலே விசாரித்ததுதான் காரணம். அவர் கேட்கவில்லையே என்ற சாக்கு செல்லவில்லை. கசாப் வழக்கில், 2012இல், முதன்முதலாக ஆஜர்படுத்தும்போதே மாஜிஸ்திரேட் இதைச் சொல்லியாக வேண்டும் என்றது அதே நீதிமன்றம்.

“வக்கீல் வைக்க வசதியிருக்கா, இல்லேன்னா நாங்க வச்சுத் தரவா?” நான் படித்த நாவலிலும் பார்த்த படத்திலும் ஒரு மாஜிஸ்திரேட்கூட இப்படிக் கேட்கவில்லை. கேட்காததை எழுதிக்காட்டியவரும் இல்லை.