பின்னோக்கி நடக்கும் நாவல்

ஜூலியா அல்வாரெஸ் எழுதி 1991-ல் வெளிவந்த நாவல் ஒன்றுண்டு. கார்ஸியா வீட்டுப் பெண்களின் பேச்சிலிருந்து சொந்த ஊர்வாடை போய்விட்ட விதம் என்பது அதன் தலைப்பின் பொருள். டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரி ட்ரூஹியோவின் ஆட்களுக்குத் தப்பி, 1960-ல் நியூயார்க்குக்கு ஓடிவந்த டாக்டர் கார்லோஸ், அவர் மனைவி லாரா, நான்கு பெண்கள் ஆகியோரின் கதை இது.

கதை 1989-ல் தொடங்கி 1956-ஐ நோக்கிப் பின்னால் போகிறது. வெறும் உத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோது விஷயம் புரிந்தது. நேராகச் சொல்லியிருந்தால், புது நாட்டில் பெண்கள் முன்னுக்கு வந்த கதையாக முடிந்திருக்கும். பின்னோக்கிச் சொல்வதால், இவர்கள் எதைக் கொடுத்து இதை வாங்கினார்கள் என்றே நாம் தேடிக்கொண்டு போகிறோம்.

மூன்றாவது பெண் யோலாந்தாவை வீட்டில் 'யோ' என்று அழைக்கிறார்கள். ஸ்பானிஷ் மொழியில் அதற்கு 'நான்' என்று அர்த்தம். அமெரிக்கர் வாயில் அது 'ஜோ' என்ற ஆண்பிள்ளைப் பெயராகிவிடுகிறது.

ஆனாலும் என் மனத்தில் நிற்பவள் தாய் லாராதான். இரவில் படுக்கையில் உட்கார்ந்து, புதுப்புதுச் சாமான்களைக் கற்பனை செய்து படம் வரைகிறாள். அவள் நினைத்து வைத்திருந்த சக்கரம் வைத்த பெட்டியை அமெரிக்கன் ஒருவன் செய்துவிட்டான் என்று பத்திரிகையில் படித்ததும் சோர்ந்துபோகிறாள். பிறகு, யோலாந்தா பள்ளிக்கூடத்தில் பேசுவதற்காகத் துணிச்சலாக ஒரு பிரசங்கம் எழுத, தகப்பனார் அதைக் கிழித்தெறிகிறார். நியூயார்க் வந்தும் ட்ரூஹியோவிடம் கொண்ட பயம் அவரை விடவில்லை! தாயும் மகளும் உட்கார்ந்து, யாருக்கும் உறுத்தாத வேறொன்றை எழுதுகிறார்கள். அன்றோடு தாயின் பென்சில் மகள் கைக்குப் போய்விடுகிறது. மகள் எழுத வந்தாள் என்று மகிழ்வதா, தாய் நிறுத்திவிட்டாள் என்று வருந்துவதா? ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. அதுவே இந்த நாவலின் சிறப்பு.

குறை ஒன்றும் உண்டு. ட்ரூஹியோ 1937-ல் ஹைட்டிக்காரர்களைக் கொன்று குவித்தபோது இந்தக் குடும்பத்தில் அடைக்கலம் புகுந்தவள் வேலைக்காரி சூச்சா. அவளும் அந்நியரிடையே வாழப் பழகிக்கொண்டவள்தானே? அவள் பேசுவதற்குக் கிடைத்தவை சில பக்கங்களே. எஜமானர்கள் புறப்பட்ட பின், வெறிச்சோடிய வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். புத்தகத்தை மூடிய பிறகும் அந்த வீட்டை விட்டு வர எனக்கு மனமில்லை.