கதவைக் கவனியுங்கள்: கல்ட் திரில்லர் படிப்பது எப்படி

துப்பறியும் கதை என்றால் ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்து படிக்கிறவர்கள்கூட, கல்லூரியில் நடக்கும் கல்ட் திரில்லர் ஒன்றை நீட்டினால் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். 'இளையோர் நாவலா? அது சின்னப் பசங்களுக்கு' என்கிறார் ஒருவர். 'போலிச் சாமியார் கதைதானே, தினமும் பேப்பரில் வருகிறதே' என்கிறார் இன்னொருவர். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு பெண்ணின் சொந்த விருப்பத்தை அவளுக்கே தெரியாமல் இன்னொருவர் கையில் எடுத்துக்கொள்வதை இத்தனை வேகமாகவும் இத்தனை நுணுக்கமாகவும் சொல்கிற கதைவகை வேறு எது இருக்கிறது? ஒரு பிணம்கூட விழாமல் முந்நூறு பக்கம் நடுங்கவைக்க இதனால் முடியும்.

அடிப்படைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயது. முதல்முறையாக வீட்டை விட்டு வெளியே. தெரியாத ஊர், தெரியாத முகங்கள். யாரோ ஒருத்தி சாப்பிடக் கூப்பிடுகிறாள். போன இடத்தில் எல்லோரும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், போன வாரம் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் பழைய நண்பர்கள் சலித்துப்போகிறார்கள், தூக்கம் குறைகிறது, பணம் கைமாறுகிறது, சந்தேகப்பட்டாலே குற்றவுணர்வு வருகிறது. பிறகு யாரோ காணாமல் போகிறார்கள். எலும்புக்கூடு இவ்வளவுதான். 'யார் செய்தது' என்ற கேள்வியோடு உள்ளே வராதீர்கள். அது பெரும்பாலும் இருபதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். 'இவள் எப்போது சம்மதித்தாள்' என்பதைத்தான் நீங்கள் துப்பறிய வேண்டும். அந்த இடம் என்று உங்களுக்குத் தோன்றும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கோடு போட்ட இடத்துக்கு வெகு முன்னாலேயே சம்மதம் நடந்து முடிந்திருக்கும்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். ரகசியச் சங்கக் கதை வேறு, கல்ட் கதை வேறு. இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்குகிற கடைக்காரரை மன்னித்துவிடலாம். ஒரே மூச்சில் எழுதுகிற விமர்சகரை மன்னிக்க முடியாது. ரகசியச் சங்கத்தில் உள்ளே போவது கஷ்டம். கல்ட்டில் வெளியே வருவது கஷ்டம். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் கதையின் பதற்றம் எங்கே இருக்கும், எந்தப் பக்கத்தில் மெதுவாகப் படிக்க வேண்டும், யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

நிஜ உலகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்றொரு சங்கம். 1832இல் தொடங்கியது. வருடத்துக்குப் பதினைந்து பேரைத்தான் எடுப்பார்கள். வெளியே நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களின் ஏக்கம்தான் அதன் பலம். லீ பார்டுகோ 2019இல் எழுதிய 'நைன்த் ஹவுஸ்' இப்படிப்பட்ட யேல் சங்கங்களை மாந்திரீகத்தோடு கலந்து செய்த நாவல். அதில் பயம் முழுக்க, அதிகாரம் உள்ளவர்கள் பூட்டிய அறைக்குள் என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இப்போது மறுபக்கம். எழுபதுகளில் சன் மியுங் மூனின் யூனிஃபிகேஷன் சர்ச் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆள் சேர்த்தது. கலிஃபோர்னியாவில் அவர்களுடைய விருந்துக்கும் பண்ணை முகாமுக்கும் போன பலருக்கு, அழைத்தது எந்த அமைப்பு என்பதே ஆரம்பத்தில் சொல்லப்படவில்லை. நுழைவுத் தேர்வு கிடையாது, காத்திருப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடலாம், பாடலாம். இந்த அழைப்பில் ஏக்கத்துக்கு இடமே இல்லை. இருப்பது வரவேற்பு மட்டும். வரவேற்பை வைத்துப் பயமுறுத்துவது, பூட்டிய அறையை வைத்துப் பயமுறுத்துவதைவிடப் பல மடங்கு கடினமான எழுத்துவேலை.

இந்த அளவுகோலோடு டானா டார்ட்டின் 'தி சீக்ரெட் ஹிஸ்டரி'யை எடுங்கள் (1992). வெர்மான்ட்டில் ஒரு கல்லூரி, கிரேக்கம் படிக்கும் ஐந்து பேர், ஜூலியன் மாரோ என்ற வசீகரமான பேராசிரியர், கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ரிச்சர்ட். நண்பனை இவர்களே கொன்றது முதல் பக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. இதைக் கல்ட் நாவல் என்று எழுதாதவர்கள் குறைவு. அவர்கள் காட்டும் ஆதாரம், ஜூலியனிடம் படிக்க வந்தால் மற்ற வகுப்புகளைக் கிட்டத்தட்ட எல்லாம் விட்டுவிட வேண்டும் என்பது. அது உண்மைதான், தனிமைப்படுத்துவது கல்ட்டின் வேலைதான். ஆனால் ரிச்சர்டை முதலில் ஜூலியன் சேர்த்துக்கொள்ளவே மறுக்கிறார் என்பதை ஏன் மறந்துபோகிறார்கள்? அதைவிட, விஷயம் தெரிந்ததும் ஜூலியன் என்ன செய்கிறார்? மாணவர்களை அப்படியே விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறார். கல்ட் தலைவர் எந்தக் காலத்திலும் அப்படி விட்டுப் போகமாட்டார். கொலை செய்தவர்கள் அவருக்குப் பொக்கிஷம். அந்த ரகசியத்தை வைத்தே இன்னும் முப்பது வருடம் ஆட்டிவைப்பார். ஆகவே டார்ட் எழுதியது ரகசியச் சங்கக் கதை, அதில் உச்சமான கதை. அதற்குக் கல்ட் பட்டம் கட்டினால், ஜூலியன் கைவிட்டுப் போகும் இடத்தின் முழுக் கொடூரமும் கையை விட்டு நழுவிவிடும்.

மோனா அவாட்டின் 'பன்னி' (2019) எழுத்துக்கலை மேற்படிப்பு வகுப்பு ஒன்றில் நடக்கிறது. ஒருவரையொருவர் 'பன்னி' என்று கொஞ்சிக்கொள்ளும் பணக்காரப் பெண்கள், விலகி நிற்கும் ஏழை மாணவி சமந்தா. முதல் பகுதி சுத்தமான ரகசியச் சங்கக் கதை, அவள் வெளியே நிற்கிறாள். பிறகு அழைப்பு வருகிறது. அதற்கடுத்து அவாட் செய்வதைக் கவனியுங்கள்: 'நான்' என்று சொல்லிக்கொண்டிருந்த கதைசொல்லி 'நாங்கள்' என்று பேச ஆரம்பிக்கிறாள். அவளை எந்த அறையிலும் பூட்டவில்லை, வாக்கியத்தின் எழுவாயைத்தான் மாற்றினார்கள். ஒரு வகை இன்னொரு வகையாக மாறும் அந்தக் கணத்தை இதைவிடத் துல்லியமாக எழுதியதை நான் படித்ததில்லை. இது இளையோருக்கென்று எழுதப்பட்டதில்லை, கொஞ்சம் ரத்தமும் உண்டு. இருந்தாலும் படியுங்கள்.

இந்த இடத்தில் 'டார்க் அகடமியா' மோகத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மெழுகுவத்தி, பழைய நூலகம், கம்பளிக் கோட்டு, இலையுதிர் காலம், அதன்மேல் ஒரு பியானோ இசை. ரீல்ஸில் இதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அட்டைப்படத்தை வாசிக்கிறார்கள், நாவலை வாசிப்பதில்லை. நிஜக் கல்ட் டியூப்லைட் வெளிச்சத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், ஹாஸ்டலின் பொது அறையில் நடக்கிறது. அலங்காரம் அதிகமாக இருக்கும் நாவலில் மனிதர்கள் குறைவாக இருப்பார்கள். இது என் உறுதியான தீர்ப்பு.

சரி, அழைப்புக் காட்சியை எப்படிப் படிப்பது? முதலில் நிஜத்தில் நடந்த ஓர் அழைப்பைப் பாருங்கள். ஸ்டீவன் ஹாசன் 1974இல் நியூயார்க்கின் குவீன்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது மூன்று பெண்கள் வந்து பேசினார்கள். அவருக்கு வயது பத்தொன்பது, காதல் முறிந்திருந்த நேரம். அப்படித்தான் மூன் அமைப்புக்குள் போனார். இரண்டு வருடத்துக்கும் மேல் இருந்தார். 1976இல் நடந்த ஒரு வாகன விபத்துதான் அவர் வெளியே வர வழிவிட்டது. பின்னாளில் கல்ட்டுகளிலிருந்து மீள்பவர்களுக்கு உதவுவதே அவர் தொழிலாயிற்று. இந்த வாழ்க்கையில் மந்திரம் எங்கேயும் இல்லை, சரியான நேரத்தில் வந்த மூன்று பேர்தான் இருக்கிறார்கள்.

ஐலீன் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1984இல் 'தி மேக்கிங் ஆஃப் எ மூனி' என்ற நூலை வெளியிட்டார். லண்டனில் அதே அமைப்பின் பயிலரங்குக்குப் போனவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. மூளைச்சலவை என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடும் நாவலாசிரியர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசிக்க வேண்டும். கண்ணைப் பார்த்ததும் மயங்கிவிழும் கதாநாயகி சோம்பேறி எழுத்தாளரின் படைப்பு. ஒன்பது பேர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போன பிறகு இந்த ஒருத்தி மட்டும் ஏன் தங்கினாள்? நல்ல நாவல் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும். வாசகர் அந்தப் பதிலைத் தேட வேண்டும்.

அதற்கு மிகச் சிறந்த பாடம் 'தி வேவ்'. இது கல்லூரிக் கதைகூட இல்லை, பள்ளிக் கதை. 1967இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், கப்பர்லி உயர்நிலைப் பள்ளியில், ரான் ஜோன்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர், நாஜிகளை ஜெர்மானியர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதை விளக்க வகுப்பிலேயே ஓர் இயக்கத்தை நடத்திப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் அது அவர் கையை மீறிவிட்டது. அதை வைத்து 1981இல் ஒரு தொலைக்காட்சிப் படமும், டாட் ஸ்ட்ராசர் எழுதிய இளையோர் நாவலும் வந்தன. நாவலில் நிமிர்ந்து உட்காரச் சொல்வதில் தொடங்குகிறது. வெறும் உட்காரும் முறை! பிறகு முழக்கம், வணக்கம், உறுப்பினர் அட்டை. சில அட்டைகளில் சிவப்புப் பெருக்கல் குறி, அது வந்தவர்கள் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். படிக்கிறவர்கள் எல்லோரும் துணிந்து எதிர்க்கும் லாரியின் பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன், ராபர்ட்டைப் பாருங்கள். வகுப்பே கேலி செய்யும் பையன். பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். இயக்கம் வந்ததும் எல்லோரும் சமம், அவனுக்கும் சாப்பாட்டு மேசையில் இடம். முதல்முறையாகச் சட்டையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருகிறான். அந்தப் பையனிடம் போய் 'இது ஃபாசிசம், விட்டுவிடு' என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்? அவன் பெற்றதெல்லாம் நிஜம். கொடுத்த கைதான் தப்பு. இதை உணராமல் 'நானாக இருந்தால் முதல் நாளே எழுந்து போயிருப்பேன்' என்று சொல்கிறவர் நாவலைப் படிக்கவில்லை, தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

'சின்னப் பசங்க புத்தகம்' என்று தள்ளும் விமர்சகர்களுக்கு ராபர்ட் கார்மியரின் 'தி சாக்லேட் வார்' (1974) ஒன்றே போதும். கத்தோலிக்கப் பள்ளி ஒன்று, நிதி திரட்ட இருபதாயிரம் பெட்டி சாக்லேட், மாணவர்களை மறைமுகமாக ஆளும் 'விஜில்ஸ்' கூட்டம், அதற்குக் கட்டளைகள் யோசித்துத் தரும் ஆர்ச்சி. ஜெர்ரி என்ற பையன் விற்க மறுக்கிறான். ஆனால் அவன் முதலில் மறுப்பதே விஜில்ஸ் போட்ட உத்தரவு: பத்து நாள் மறுக்க வேண்டும், பிறகு விற்க வேண்டும். பதினோராவது நாளும் அவன் மாட்டேன் என்கிறான். அந்த ஒரு நாளில்தான் நாவலே இருக்கிறது. அதே சொல், அதே வகுப்பறை, ஆனால் இப்போது அது அவனுடைய சொல். என் கதவுக் கணக்கில் இந்த நாவல் எங்கே வரும் என்று கேட்கிறீர்களா? விஜில்ஸில் சேர்வது கஷ்டம், அதன் கட்டளையிலிருந்து தப்புவது அதைவிடக் கஷ்டம். இரண்டு பக்கமும் பூட்டு. அமெரிக்கப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்துவிடச் சொல்லிப் பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்த புத்தகங்களில் ஒன்றாக இது இருக்கிறது. அதன் முடிவில் ஆறுதல் இல்லை. ஆறுதலான முடிவு வைத்த கல்ட் திரில்லர்களில் பாதியை நான் மதிப்பதே இல்லை.

மொழியையும் கேளுங்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவின் சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு ஆளாகி ஹாங்காங்குக்கு வந்தவர்களிடம் ஐம்பதுகளில் பேசி, 1961இல் எழுதிய நூலில் எட்டு அடையாளங்களைச் சொன்னார். சூழலைக் கட்டுப்படுத்துவது, தூய்மையைக் கோருவது, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளச் சொல்வது என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று, யோசனையை நிறுத்திவிடும் சொற்களைப் புழக்கத்தில் விடுவது. நாவலில் ஒரு பாத்திரம் சந்தேகம் கேட்கும்போது, பதிலாக ஒரு குழூஉக்குறி வந்தால் பென்சிலை எடுங்கள். அந்தச் சொல்லைப் பிறகு கதாநாயகியே முதல்முறை பயன்படுத்தும் வரி, எந்தக் கொலையையும்விட எனக்குத் திகிலானது.

தலைவரைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நிஜத்தில் நடந்த லாரி ரே வழக்கைப் பற்றிய ஆவணப்படங்கள் செய்த தவறு அதுதான். 2010இல் சிறையிலிருந்து வந்தவர், நியூயார்க் அருகே சாரா லாரன்ஸ் கல்லூரியில் மகள் தங்கியிருந்த விடுதி வீட்டுக்கே குடிவந்துவிட்டார். அவளுடைய நண்பர்களுக்குச் சமைத்துப்போட்டார், அறிவுரை சொன்னார், ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசினார். பல வருடச் சுரண்டலுக்குப் பிறகு 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2023இல் அறுபது வருடச் சிறை. கேமரா அந்த ஆளின் முகத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த வீட்டில் இருந்த டேனியல் பார்பன் லெவின் 2021இல் எழுதிய 'ஸ்லோனிம் உட்ஸ் 9' என்ற நினைவுக்குறிப்பைப் படித்தால்தான், சோபாவில் உட்கார்ந்திருந்த மாணவனுக்கு அது எப்படி இருந்தது என்று புரியும். தன்னை யாரோ கடைசியில் கவனிக்கிறார்கள் என்ற சந்தோஷம் அது.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு ஒரு சோதனை இருக்கிறது. புத்தகத்தின் கால்வாசிக்குள் நானும் அந்தக் கூட்டத்தில் சேர ஆசைப்பட வேண்டும். அந்த மேசை, அந்தச் சிரிப்பு, அந்த நள்ளிரவுத் தேநீர் எனக்கும் வேண்டும் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் மூடிவைத்துவிடுவேன், எத்தனை பரிசு வாங்கியிருந்தாலும் சரி. ஆசைப்படவைக்காத கல்ட் நாவல் வெறும் எச்சரிக்கைப் பலகை.

எங்கே தொடங்குவது என்றால், 'தி வேவ்'. சின்னப் புத்தகம், எளிய ஆங்கிலம், ஒரே மாலையில் முடியும். அடுத்து 'சாக்லேட் வார்'. பிறகு 'பன்னி'. டார்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நான் போட்ட சண்டை நியாயமா என்று நீங்களே முடிவு செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: 2008இல் டென்னிஸ் கான்சல் எடுத்த ஜெர்மன் படம் 'டி வெல்ல'வை நாவலுக்கு முன்னால் பார்க்காதீர்கள். நல்ல படம்தான், ஆனால் ராபர்ட்டின் இடத்தில் வரும் டிம் கையில் கடைசியில் துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். நாவலில் எல்லோரும் போன பிறகு ராபர்ட் தனியாக நின்று அழுகிறான், ஆசிரியர் அவனைச் சாப்பிட அழைத்துப் போகிறார். அந்த அழைப்பையும் முதல் நாள் அழைப்புகளோடு ஒப்பிட்டுப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு படத்தைப் போடுங்கள்.